லைட்டு எரியுதா?

எங்கள் பிக்கப்பில் அந்த மஞ்சள் லைட் முதன்முதலாக எரிந்தபோது என் மனைவி பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். போடியில் டயாலிசிஸ் முடித்து அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தேன். அடிவாரத்தில் முந்தல் தாண்டி, வளைவுகள் தொடங்கிக் கொஞ்சதூரம் போனதும் வண்டி திடீரென்று இழுவையை விட்டது. மிதித்தால் சத்தம் வருகிறதே தவிர வேகம் வரவில்லை. குனிந்து பார்த்தால் ஸ்பீடு முள்ளுக்குப் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட சின்ன லைட். ஆயில் லைட்டோ பேட்டரி லைட்டோ எரிந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். இந்தச் சனியன் என்னவோ கோளாறு என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது.

பழைய வண்டிதான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதுவரை மலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து பச்சை ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோருக்குக் கொண்டுபோவது, உலர்ந்த காயை வண்டன்மேட்டில் ஏலத்துக்கு இறக்குவது, உரமூட்டை ஏற்றி வருவது. மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டைத் தாண்டிக் கீழே இறங்குவது எப்போதாவது ஒரு கல்யாணத்துக்கோ கோயிலுக்கோதான். அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் வாரத்துக்கு இரண்டு தடவை இறங்கி ஏற வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வளைவுக்கு வளைவு வாந்தி. ஜீப்பில் நேராக உட்கார முடியவில்லை. பிக்கப்பில்தான் பக்கத்து சீட்டின் முதுகைப் பின்னால் தள்ளி, கம்பளியை மடித்து வைத்து, சாய்ந்தாற்போல் படுக்க ஓர் இடம் செய்து கொடுத்திருந்தேன். போடியிலேயே ஒரு வீடு பார்க்கலாமா என்று கேட்டேன். "அந்த வெயில்ல போய் சாகவா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆக, எங்களுக்கு இருந்தது இந்த ஒரு வண்டிதான். ஒரு தடவை போகாவிட்டால் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிடும். இரண்டு தடவை விட்டால் படுத்தால் மூச்சு முட்டும். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து அதற்கு மேல் என்ன ஆகும் என்றும் சொல்லியிருந்தார்.

அன்று ஊர்ந்து ஊர்ந்துதான் வீடு வந்து சேர்ந்தோம். பாதி வழியில் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பனி இறங்கிவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளில் அவளுக்கு எப்போதுமே குளிர் தாங்காது. பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிற லாரிக்காரன் எல்லாம் நிறுத்தி எட்டிப் பார்த்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனான். எல்லாரையும் கடித்துக் குதறினேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் மட்டும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

மறுநாள் காலையில் எங்கள் ஜங்ஷனில் வொர்க் ஷாப் வைத்திருக்கும் மலையாளியிடம் கொண்டுபோனேன். நல்ல மனுஷன், கைசுத்தம். வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். ஏற்றத்தில் குதிரை மாதிரி ஏறியது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி ஸ்கேன் போட்டான். இன்ஜினுக்குள் போகிற காற்று அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று எரர் காட்டியது. வெளியே அந்த நேரம் நாங்கள் பேசினால் வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இந்தக் குளிரில் காற்று எங்கேயிருந்து சுடும், சென்சார்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினான். புது சென்சார் மாட்டினான். எரரை அழித்தான். லைட் அணைந்தது. "ஒண்ணும் பேடிக்கண்டா அண்ணா", பயப்பட வேண்டாம் என்று தோளைத் தட்டி அனுப்பினான்.

அடுத்த தடவை திரும்பி வரும்போது கிட்டத்தட்ட அதே இடத்தில் மறுபடி எரிந்தது.

போடியில் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். பெரிய ஸ்கேனர், கம்ப்யூட்டர் எல்லாம் வைத்திருப்பவர். அவரும் அதே எரரைத்தான் படித்தார். சென்சார் புதுசு என்றேன். அப்படியானால் லைனில் கோளாறு என்று வயரை எல்லாம் பிரித்துப் பார்த்தார். புகை திரும்பிப் போகிற குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். ஒரு சட்டி கரி வந்தது. இதுதான் காரணம் என்று எனக்கே தோன்றியது. போடி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம், அருமையாக ஓடியது. அன்றைக்கே மேலே ஏறும்போது எரிந்தது. அடுத்த வாரம் போய்ச் சண்டை பிடித்தேன். வண்டியின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டியிருக்கும் என்று கையை விரித்துவிட்டார்.

என்ன கொடுமை என்றால், மேலே இருக்கிற மெக்கானிக் கீழே வர மாட்டான். கீழே இருக்கிறவர் மேலே வர மாட்டார். அவரவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு யார் சுற்றுவார்கள்? லைட் எரிவது இரண்டுக்கும் நடுவில். மேலே வண்டி நன்றாக ஓடும், கீழேயும் நன்றாக ஓடும். என்னைப் பார்த்தால் பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரி இரண்டு பேரும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவளுக்கு உடம்பு கெட்ட அதே சமயத்தில் வண்டிக்கும் கெட்டுவிட்டதால் சொந்தக்காரர்கள் திருஷ்டி என்றார்கள். நம்பாமலே எலுமிச்சம்பழம் கட்டினேன். என் மச்சான், அவள் தம்பி, வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, லைட் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, நிம்மதியாக ஓட்டலாம் என்றான். அவன் போனதும் வேறு வழியில்லாமல் அதையும் செய்தேன். மறுநாள் வண்டியில் ஏறினால் டேப்பைக் காணோம். அவள்தான் நகத்தால் உரித்துப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, எரியுதா இல்லையான்னு தெரிய வேண்டாமா என்றாள். வண்டி மேல் இருக்கிற அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு அந்த லைட்டோடு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. காலையில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை அங்கேதான் வைப்பாள். சாவியைப் பாதி திருப்பினால் எந்த வண்டியிலும் எல்லா லைட்டும் ஒருமுறை எரியும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாகப் போய்விடும். அவள் குழந்தைக்குக் கதை சொல்வது மாதிரி வாய்விட்டுச் சொல்வாள். "எல்லாம் வந்துருச்சு. சிவப்பு போயிருச்சு. ரெண்டாவதும் போயிருச்சு. மஞ்ச மட்டும் போகல."

பிறகு மெதுவாக, இன்றைக்கு வேண்டாமே என்பாள். வழியில் நின்றுவிட்டால் குளிரில் உட்கார முடியாது என்பாள். சரிபண்ணிவிட்டு அடுத்த தடவை போகலாம் என்பாள். நான் எரிந்து விழுவேன். இறங்கும்போது வண்டிக்கு ஒன்றும் ஆகாது, ஏறும்போதுதான் மக்கர், அதற்கு நான் இருக்கிறேன் என்று கத்தி இழுத்துக்கொண்டு போவேன். சில தடவை அவள் சொன்னது நியாயமாகப் பட்டு நானும் விட்டிருக்கிறேன். அப்படி விட்டபோதெல்லாம் அவள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, இந்த லைட்டை அணைக்காமல் விடுவதில்லை என்று வெறியே பிடித்துவிட்டது. இந்த லைட் ஒருநாள் இவளைக் கொன்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

மாசி கடைசியில் ஒரு நாள். கீழே வெயில் கொளுத்தியது. அன்றைக்கு டயாலிசிஸின்போது அவளுக்குப் பிரஷர் இறங்கி, ஊசி எல்லாம் போட்டு, ரொம்ப நேரம் கழித்துத்தான் விட்டார்கள். ஏறும்போது வழக்கமான இடத்துக்கு முன்பாகவே வண்டி தளர்ந்தது. லைட் எரிந்தது. நிறுத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கம்பளிக்குள் சுருண்டிருந்தாள். இறங்கி பானெட்டைத் தூக்கினேன். சூடு முகத்தில் அடித்தது. மாற்றிய சென்சார், மாற்றிய வயர், சுரண்டிய குழாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இனி மாற்ற என்ன மிச்சம் என்று நின்றேன். எனக்குக் கண்ணீர் வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். முன்பக்க கிரில்லை ஓங்கி ஓர் உதை விட்டேன்.

கிரில் பிளாஸ்டிக். ஒரு பக்கம் கிளிப் விட்டு வெளியே தொங்கியது. என் கோபம் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். உள்ளே சாக்குத் துணி தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் வண்டிக்குச் சாக்கு கட்டுவது வழக்கம். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் பனிக்காற்று நேராக அடிக்காது, இன்ஜின் சீக்கிரம் சூடாகும். எல்லாரும் வெளியேதான் கட்டுவார்கள், வெயில் வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். இந்த வண்டி வாங்கிய முதல் மார்கழியில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்கியது. அப்போது அவள் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், காய் பிரிப்பதும் மூட்டை தைப்பதும். கட்டிய சாக்கு காற்றில் பறந்து இரண்டு முறை தொலைந்ததும், நான் கிரில்லைக் கழற்றிக் கொடுக்க, அவள் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு வந்து உள்பக்கமாகக் கம்பியோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். இரட்டைச் சாக்கு, நீல நூல், இரட்டைத் தையல். அதற்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருந்ததே இல்லை. அப்படி ஒன்று உள்ளே இருப்பதையே நான் மறந்துவிட்டேன். கிரில்லும் கறுப்பு, சாக்கும் புழுதியேறிக் கறுப்பு. வெளியே இருந்து பார்க்கிற எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது.

ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு தகடும் இருக்கிறது. இன்ஜினுக்குள் போகிற காற்றை ஆறவைக்கிற தகடு. மேலே இருக்கிற குளிரில் அதற்குச் சாக்குப் போர்த்தினாலும் பாதகமில்லை. கீழே போடி வெயிலில் வெந்துவிட்டு, அந்தச் சூட்டோடு மலையேறினால் அதற்குக் காற்றே படாது, இன்ஜின் தளர்ந்துவிடும். சென்சார் பொய் சொல்லவே இல்லை. காற்று சுடுகிறது, சுடுகிறது என்று முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் நம்பாமல் அதைக் கழற்றிப் போட்டோம்.

பானெட் மறைத்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு நான் தெரியவில்லை. கத்தியால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தேன். எத்தனை வருஷ மழை, புழுதி, ஒரு கண்ணிகூட நெகிழவில்லை. சாக்கை மடித்து சீட்டுக்குப் பின்னால் செருகினேன். வண்டி ஆறியதும் எடுத்தேன். போடிமெட்டு வரை எங்கேயும் நிற்காமல் ஏறியது. அவள் கண்ணைத் திறந்து, என்ன கோளாறாம் என்று கேட்டாள். வயர் ஒன்று லூசாக இருந்தது என்று சொன்னேன்.

லைட் உடனே போகவில்லை. கோளாறு தீர்ந்தாலும் வண்டி கொஞ்ச நாள் அதை மனதில் வைத்திருக்குமாம், மலையாளி சொன்னான். அடுத்த வாரம் ஒரு காலையில், அவள் வழக்கம்போல் சொல்லிக்கொண்டே வந்தாள். சிவப்பு போயிருச்சு, ரெண்டாவதும் போயிருச்சு. பிறகு நிறுத்திவிட்டாள். மஞ்சளும் போயிருந்தது. நான் சிரித்துக்கொண்டு திரும்பினேன். இத்தனை நாள் பாடுபட்டுச் சரிசெய்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவள் முகம் விழுந்துபோயிருந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, போங்க" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எரியும் விளக்கைப் பார்த்து அவள் பயப்படவில்லை. காலையில் எழுந்தால் அவளுக்கு இருந்த ஒரே ஆசை அந்த விளக்கு எரிய வேண்டும் என்பதுதான். அது எரிந்தால் ஒரு நாள் ஊசி இல்லை, மெஷின் இல்லை, வாந்தி இல்லை. வேண்டாம் என்று அவளாகச் சொன்னால் நான் கத்துவேன், திருப்பூரில் இருக்கும் எங்கள் மகள் போனில் அழுவாள். வண்டி வேண்டாம் என்று சொன்னால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அதற்காகத்தான் அந்த டேப்பை உரித்திருக்கிறாள். அந்த விளக்கைத்தான் நான் இத்தனை நாள் வெறிபிடித்து அலைந்து அணைத்திருக்கிறேன்.

சாக்கை அவளே ஒரு நாள் கண்டுபிடித்தாள். வாந்திக்கு வைத்திருக்கும் கவரைத் தேடிச் சீட்டுக்குப் பின்னால் கைவிட்டபோது கையில் வந்தது. மடியில் விரித்து, அறுந்த நூலைத் தடவிப் பார்த்தாள்.

"இது என் தையலு. இத ஏன் கழட்டுனீக?"

வெயிலில் வண்டி சூடாகிறது என்று ஏதோ மழுப்பினேன். அவளை ஏமாற்ற முடியாது. "அப்ப இத்தன நாளும் என்னாலதானா?" என்று கேட்டாள். வாயை மூடு என்று கத்தினேன். அவள் அந்தச் சாக்கை மறுபடி மடித்துக் காலுக்கு மேல் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எல்லாப் பயணத்திலும் கம்பளிக்கு மேல் அதுவும் இருந்தது.

வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. ஒரு தடவை கூட விடாமல் போனோம். அவள்தான் கரைந்துகொண்டே வந்தாள். ஊசி போட நரம்பு கிடைக்காமல் நர்சுகள் கையை மாற்றி மாற்றிக் குத்தினார்கள். உள்ளே அவள் சத்தம் போடுவது வராந்தாவில் இருக்கும் எனக்குக் கேட்கும். ஆனாலும் காலையில் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. லைட்டு எரியுதா என்பாள். இல்லை என்பேன். சரி, போங்க என்பாள்.

அந்த மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த ஒரு காலையைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன்.

மழை விட்டு வெளியே நல்ல வெளிச்சமாக இருந்தது. அன்று அவளால் வாசல் படி இறங்கவே முடியவில்லை. தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து சீட்டில் உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரிப் பையை எடுக்காமல் வந்திருந்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து எடுக்கப் போனேன். வேண்டாம், ஏறுங்க என்றாள். நான் சுற்றிவந்து என் இடத்தில் உட்கார்ந்து சாவியைச் செருகினேன். அவள் என்னைப் பார்க்காமல், முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"லைட்டு எரியுதா?"

சாவியைப் பாதி திருப்பினேன். எல்லா விளக்கும் எரிந்தது. சிவப்பு, இன்னொரு சிவப்பு, அப்புறம் அந்த மஞ்சள். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், எல்லாம் போய்விடும். என் கை திருப்பவில்லை.

"எரியுது" என்றேன்.

அவள் சிரமப்பட்டுக் குனிந்து பார்த்தாள். அந்த விளக்குகள் எப்போது வரும், எப்போது போகும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை காலைகள் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். இன்ஜின் சத்தமே இல்லாத வண்டியில் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, எரியுது" என்றாள். "அப்ப இன்னைக்கு வேணாம்ல?"

"வேணாம்."

முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் நாற்காலி போட்டு, சாக்கை அதன் மேல் விரித்து உட்கார வைத்தேன். ஒரு கிளாஸ் கட்டன், பால் இல்லாத டீ, கேட்டாள். டாக்டர் அளந்து கொடுக்கச் சொன்ன தண்ணீர் அவளுக்கு ஒரு நாளைக்கு நாக்கை நனைக்கக்கூடக் காணாது. கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதை ஆற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.